நூற்றைந்து சதவிகித லாபம்!

எட்டு பன்னிரண்டு பீச் லோக்கலில் என்னோடு தினமும் தொங்கிக்கொண்டு வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கிண்டியில் ஆபீஸ். தாம்பரத்தில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் நாட்டின் பொருளாதாரத்தைச் சரிசெய்துவிடுவார். போன வாரம் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா ஸார்? கோதுமைக்கு விவசாயிக்கு 105 பர்சென்ட் லாபம்! கவர்மென்டே சொல்றான். எந்த மியூச்சுவல் ஃபண்டுல ஸார் கிடைக்கும் இது? பேசாம வேலைய விட்டுட்டு ஏர் பிடிக்கலாம்னு பாக்கறேன்."

அவர் ஏர் பிடித்தால் மாடு ராஜினாமா செய்துவிடும். அது வேறு விஷயம். ஆனால் அந்த 105 பொய் இல்லை. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு கோதுமைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ஒரு குவிண்டால் விளைவிக்க ஆகும் செலவு என்று அதே அறிவிப்பில் போட்டிருந்தது 1,182 ரூபாய். கழித்து, வகுத்துப் பாருங்கள். 105 சதவிகிதம் வரும். கால்குலேட்டரில் தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், அந்த 'ஒரு குவிண்டால் விளைவிக்க ஆகும் செலவு' என்ற இடத்தில். நான் பி.காம். என்னிடம் எதைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு இடது பக்கம், வலது பக்கம் என்று பிரித்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். விவசாயி குவிண்டால் கணக்கில் செலவு செய்வதில்லை. ஏக்கர் கணக்கில்தான் செலவு செய்கிறார். உழவு, விதை, உரம், கூலி எல்லாம் ஏக்கருக்கு. குவிண்டால் என்பது நாலைந்து மாதம் கழித்து வருகிற விஷயம். வந்தால்!

ஒரு பேச்சுக்கு ஏக்கருக்கு 12,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலும் மோட்டாருமாக, கிட்டத்தட்ட மொத்த நிலமும் பாசனத்தில் இருக்கும் பஞ்சாபில் ஏக்கருக்கு இருபது குவிண்டால் வரை விளைகிறது. 12,000-ஐ 20-ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு 600. அதே 12,000-ஐப் போட்டு, வானத்தைப் பார்த்து, ஆறு குவிண்டால் எடுக்கிறவருக்கு அடக்கவிலை 2,000. அவருக்கு அதே 2,425-ல் கிடைப்பது 21 சதவிகிதம். மழை கைவிட்டு நாலு குவிண்டாலில் நின்றால் அடக்கவிலை 3,000. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் கையை விட்டுக் கொடுக்க வேண்டும்.

அரசு சொல்லும் 1,182 அகில இந்திய சராசரி. என் வீட்டுக்காரர் வருமானத்தையும் என் வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால், நானும் சேலையூரில் இரண்டு மாடி வீட்டுக்குச் சொந்தக்காரன்தான். தவிர, அந்தச் செலவுக் கணக்கில் கையிலிருந்து போட்ட காசும் குடும்பத்தார் உழைப்பின் கூலியும் உண்டு. சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் கிடையாது. எங்கள் காலேஜ் அக்கவுன்டன்சி புரொபசர் இதைப் பார்த்திருந்தால் பேப்பரை ஜன்னல் வழியே எறிந்திருப்பார்.

நண்பர் குரோம்பேட்டைக்குள் அமைதியாகிவிட்டார். நான்தான் விடவில்லை. இப்போது உங்களையும்.

*

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. முதலாளி அண்ணாச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கம். பாக்கெட் மாவு வந்த பிறகும் டின்னில் கோதுமை கொண்டுவந்து அரைத்துப் போகிறவர்களை நம்பியே ஓட்டுகிறார். அங்கே இரண்டு சாக்கு எப்போதும் வாய் திறந்து நிற்கும். ஒன்று சாதாரணக் கோதுமை. இன்னொன்று 'எம்.பி. சர்பத்தி'. பாராளுமன்ற உறுப்பினர் இல்லை, மத்தியப் பிரதேசம். சர்பத்தி மணி தங்க நிறத்தில் பளபளவென்று இருக்கும். சப்பாத்தி சாயங்காலம் வரை மெத்தென்று இருக்கிறது என்று என் மனைவி சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார். விலை கூடுதல்.

இந்தச் சர்பத்திக்குப் பேர்போன இடம் போபாலுக்குப் பக்கத்தில் சிஹோர் மாவட்டம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர் மதுரை மல்லிக்கு இருக்கிற மாதிரி. விஷயம் என்னவென்றால், இந்தப் பளபளப்பும் ருசியும் தண்ணீர் நிறைய பாய்ச்சி வந்ததல்ல. கரிசல் மண்ணில், மழைக்காலத்தில் மண் குடித்து வைத்த ஈரத்தை மட்டும் நம்பி விளைந்தால்தான் அந்த மணி. மானாவாரி.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "கரிசலா? எங்க ஊரும் கரிசல்தானே தம்பி. எங்கய்யா பருத்தி போட்டாரு, சோளம் போட்டாரு, உளுந்து போட்டாரு. கோதுமை போட்டு ஒருத்தரையும் பாத்ததில்லையே?" என்றார்.

நியாயமான கேள்வி. மண் ஒன்றுதான், ராத்திரி வேறு. கோதுமைக்குக் கதிர் விட்டு, பால் பிடித்து, மணி முற்றுகிற வரையில் குளிர் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கம்பளி தேவை. கோவில்பட்டியில் ஒரு துண்டு போதும். சூடு கூடினால் பயிர் அவசர அவசரமாக வயசுக்கு வந்து, அவசரமாகக் கிழடாகி, உமியும் தோலுமாக மணி கொடுக்கும். அதனால் நம் மாநிலத்தில் கோதுமை என்றால் மலைப்பக்கம்தான். நீலகிரியில் வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை ஒன்று இருக்கிறது. கோதுமையைத் தாக்கும் துரு நோயை எதிர்த்து நிற்கும் ரகங்களை அங்கே சோதிக்கிறார்கள். (துரு நோய்க்கும் ஊட்டி கிளைமேட் பிடித்திருக்கிறது. வருஷம் பூரா அங்கேயே தங்குகிறது.)

*

சரி, மானாவாரியில் ஏன் ஆறு, ஏழு குவிண்டாலோடு நிற்கிறது? உரம் போட்டுத் தள்ளினால் ஏறாதா?

1984-ல் ஆஸ்திரேலியாவில் ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்று இரண்டு பேர் ஒரு கணக்குப் போட்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களை அலசிவிட்டுச் சொன்னார்கள்: பயிருக்குக் கிடைக்கும் தண்ணீரில் முதல் 110 மில்லிமீட்டர் மண்ணிலிருந்து ஆவியாகப் போய்விடும். அதற்கு மேல் கிடைக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எக்டேருக்கு 20 கிலோ. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அதுதான் உச்சவரம்பு. பிற்பாடு வந்தவர்கள் எண்களைக் கொஞ்சம் திருத்தினார்கள். யோசனை நின்றுவிட்டது.

நம் பாஷையில் சொன்னால், முதல் நாலேகால் அங்குலம் சூரியனுக்குக் கமிஷன். அதற்குப் பிறகு ஏக்கரில் ஒரு அங்குலத் தண்ணீருக்கு இரண்டு குவிண்டால். எட்டு அங்குல ஈரம் இருந்தால் ஏழரை குவிண்டால். பிரதமரே வந்து உழுதாலும் அவ்வளவுதான். நம் வெயிலில் கமிஷன் இன்னும் கூடத்தான் இருக்கும்.

இந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு அல்ப ஆசை வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி, தாம்பரத்தில் இருபத்து நாலு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, நினைவிருக்கிறதா? முடிச்சூரில் படகு விட்டார்களே! அந்த 490 மில்லிமீட்டரைச் சூத்திரத்தில் போட்டால் ஏக்கருக்கு முப்பது குவிண்டால் வருகிறது. பஞ்சாப்காரர் எழுந்து நின்று கும்பிடுவார். ஒரே நாளில் வந்ததால் விளைந்தது என்னவோ மொட்டைமாடியில் இரண்டு நாள் பட்டினிதான். தண்ணீர் எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எப்போது என்பது மீதி.

கோதுமைக்கும் அப்படித்தான். விதைத்து இருபது, இருபத்தைந்து நாளில் மேல்வேர் பிடிக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது ஒரே ஒரு தண்ணீர் கொடுத்தால் மகசூல் எகிறும். அந்தத் தண்ணீர் இல்லாதவர்தான் மானாவாரிக்காரர். இருப்பதை வைத்துக் கதிர் வரை இழுக்க வேண்டும். மாசக் கடைசி வரை சம்பளத்தை இழுக்கிற நமக்கு இது புரியும்.

இதில்தான் உரம் விளையாடுகிறது. ஆரம்பத்திலேயே யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் ஜோராகத் தழைக்கும். பச்சைப்பசேலென்று இருக்கும். அந்த இலை எல்லாம் சேர்ந்து மண்ணிலுள்ள ஈரத்தை முதல் இரண்டு மாதத்திலேயே குடித்துவிடும். பூக்கிற நேரத்தில் அண்டா காலி. மணி சுருங்கி, வைக்கோல் மட்டும் மிஞ்சும். முதல் வாரமே சம்பளத்தைச் செலவழித்துவிட்டு இருபதாம் தேதி சம்பளக் கடன் கேட்கிற கேஸ். அதனால், 'படிக்காத விவசாயி, சிபாரிசு செய்த உரம் போடமாட்டேன் என்கிறான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழை வருமா என்று தெரியாதபோது கையை இறுக்கிக்கொள்வது எங்கள் காஸ்ட் அக்கவுன்டன்சி பாடத்தில் மார்க் வாங்கித் தருகிற விடை.

விதையிலும் ஒரு சங்கதி. 1966-ல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்குமதி செய்தது. பசுமைப் புரட்சியின் பிள்ளையார் சுழி. தண்ணீரும் உரமும் கொடுத்தால் அவை சாயாமல் நின்று கொட்டின. ஆனால் செடியைக் குட்டையாக்கிய அதே குணம், முளையையும் குட்டையாக்கிவிட்டது. மேல்மண் காய்ந்து, ஈரம் நாலு அங்குலம் கீழே இருக்கும் இடத்தில் விதையை ஆழமாகப் போட வேண்டும். குட்டை ரகத்தின் முளை அங்கிருந்து மேலே வந்து சேராது. அந்தக் காலத்து நெட்டை ரகங்கள் வரும். சர்பத்தி என்று பெரும்பாலும் விற்கிற சி-306 அப்படிப்பட்ட ஒரு நெட்டை. 1960-களில் வந்த ரகம் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதற்குத் தண்ணீரும் உரமும் அதிகம் கொடுத்தால் உயரமாக வளர்ந்து பொத்தென்று படுத்துவிடும். ஆக, வறண்ட நிலத்துக்கு வாய்த்த ரகத்தை வைத்து மகசூலைக் கூட்ட முடியாது. மகசூலைக் கூட்டுகிற ரகம் வறண்ட நிலத்தில் முளைக்காது.

*

"அதான் விலை கூடக் கொடுக்கறோமே ஸார்?" என்றார் கிண்டி நண்பர், மறுநாள். அவரும் சர்பத்தி பார்ட்டிதான்.

கொடுக்கிறோம். போதுமா என்று பார்ப்போம். இதில் 2,425 தவிர மற்றதெல்லாம் என் கைக்கணக்கு. நீங்கள் எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மானாவாரிச் சர்பத்தி ஏக்கருக்கு ஏழு குவிண்டால். விவசாயி கைக்கு குவிண்டாலுக்கு 3,500. வரவு 24,500. செலவு 11,000 போக மிச்சம் 13,500. பக்கத்து நிலத்துக்காரர் போர் போட்டு, குட்டை ரகம் விதைத்து, நாலைந்து தண்ணீர் விடுகிறார். பதினெட்டு குவிண்டால். ஆதரவு விலையில் 43,650. செலவு 22,000 போக 21,650.

இனி மழை பொய்த்த வருஷம். மானாவாரிக்காரருக்குப் பாதி விளைச்சல்: 12,250 வரவு, 11,000 செலவு. வீட்டுக்கு 1,250 ரூபாயாவது கொண்டுபோனார். போர்க்காரருக்கு இரண்டு தண்ணீரோடு மோட்டார் காற்று வாங்குகிறது. ஏழு குவிண்டால், 16,975 ரூபாய். செலவோ 20,000 ஆகிவிட்டது. மூவாயிரம் நஷ்டம். போர் போட்ட கடனுக்கு வட்டி தனி.

இதைப் பார்த்து 'ஆஹா, மானாவாரிதான் புத்திசாலித்தனம்' என்று முடித்துவிடலாம் என்றுதான் நானும் பேனாவை மூடப் போனேன். ஆனால் நாலு வருஷத்தில் மூன்று நல்ல வருஷம், ஒன்று கெட்டது என்று கூட்டிப் பார்த்தால் சராசரியில் போர்க்காரர்தான் ஜெயிக்கிறார். ஏக்கருக்கு சுமார் 15,500. மானாவாரிக்காரருக்கு 10,500 கூட இல்லை. போர்க்கடனின் தவணை இந்த வித்தியாசத்துக்குள் அடங்குகிறவரை, சிஹோரில் தண்ணீர் கிடைத்தவர்கள் எல்லாம் சர்பத்தியை விட்டுவிட்டு வேறு ரகத்துக்கு ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. அவர்களை ஓடாமல் நிறுத்த, நல்ல வருஷத்தில் ஈடுகட்டவே சர்பத்திக்குக் குவிண்டாலுக்கு சுமார் 4,660 ரூபாய் விவசாயி கைக்குப் போக வேண்டும். கிலோவுக்கு 46 ரூபாய் 60 காசு. அது மண்டிக்கு வெளியே, கோதுமையாக. அதற்குப் பிறகு மண்டி கமிஷன், லாரி, மில், பாக்கெட், விளம்பரம், கடைக்காரர். உங்கள் வீட்டு மாவுப் பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பாருங்கள்.

"அப்ப வெலைய ஏத்துங்கறீங்களா?" நண்பர் குரலில் லேசான கவலை.

விலை ஏறிய வருஷம் ஒன்று வந்தது. 2022. பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. இரண்டுமே கோதுமை தேசங்கள். உலக விலை ராக்கெட் வேகம். நம் மண்டிகளிலும் அந்த வருஷ ஆதரவு விலையான 2,015-ஐத் தாண்டி வியாபாரிகள் வாங்கினார்கள். கூடவே இன்னொன்றும் ஏறியது: வெயில். 1901-லிருந்து வைத்திருக்கும் பதிவுகளில் அதுதான் மிகச் சூடான மார்ச். மணி முற்றுகிற நேரத்தில் அடுப்பு மூட்டின மாதிரி. பிப்ரவரியில் 11 கோடியே 13 லட்சம் டன் வரும் என்று மதிப்பிட்ட அரசு, மே மாதம் 10 கோடியே 64 லட்சம் என்று இறக்கியது. மே 13-ம் தேதி ஏற்றுமதிக்குத் தடை.

அரசாங்கத்தையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. முந்தைய வருஷம் 433 லட்சம் டன் வாங்கிய கொள்முதல், அந்த வருஷம் 188 லட்சத்தில் நின்றது. பல மாநில ரேஷன் கடைகளுக்குக் கோதுமையைக் குறைத்து அரிசி அனுப்பினார்கள். விலை கைமீறினால் ஏழை சாப்பிட வேண்டாமா? ஆனால் விவசாயியின் லெட்ஜரில் அது எப்படிப் பதிவாகும்? வலது பக்கம் வரவில், வெயில் தின்றது போக மிச்சம் இருந்த மூட்டை. அதற்குக் கிடைக்க வேண்டிய நல்ல விலை ஏற்றுமதித் தடையில் போனது. விலையை முன்கூட்டியே பூட்டிவைக்க உதவும் கோதுமை முன்பேர வர்த்தகத்தையும் 2021 டிசம்பரிலேயே செபி நிறுத்திவைத்திருந்தது. 2023 தொடக்கத்தில் அரசே கையிருப்பை வெளிச்சந்தையில் விற்று விலையை இறக்கியது. மாவு விலை இறங்கியதில் நானும் கிண்டி நண்பரும் அண்ணாச்சியும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தின் பில் எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை. விலை விழுந்தால் மானாவாரிக்காரர் பாடு. விலை ஏறினால் நம் பாடு என்று சொல்லி, அதையும் அவர் பாடு ஆக்கிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியக்காரன் எப்படிச் சமாளிக்கிறான் என்று கேட்பீர்கள். அங்கே பெரும்பாலும் மழையை நம்பித்தான் கோதுமை. சராசரி எக்டேருக்கு இரண்டு டன் சுமார். பஞ்சாபில் பாதி கூடத் தேறாது. ஆனாலும் உலகத்துக்கே விற்கிறார்கள். 2016 கடைசியில் நாம் இறக்குமதி வரியை எடுத்தபோது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து இறங்கியதில் அதுவும் உண்டு. ரகசியம் ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பண்ணை ஆயிரக்கணக்கான எக்டேர். ஏக்கருக்குக் கொஞ்சம் மிஞ்சினாலும் பெருக்கினால் குடும்பம் நடக்கும். இந்தியாவில் 2015-16 கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1.08 எக்டேர். இரண்டே முக்கால் ஏக்கருக்குள். மேலே சொன்ன 13,500-ஐ அதனால் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 36,000 ரூபாய் வருகிறது. நல்ல வருஷத்தில். ஒரு பருவத்துக்கு. குடும்பம் முழுவதற்கும். கிண்டி நண்பர் இதை மாம்பலம் தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய கிண்டி போய் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த நிலத்தில் முன்பெல்லாம் மழைக்காலத்தில் ஒன்றும் விதைக்காமல் தரிசாகப் போட்டுவைப்பார்கள். சோம்பல் இல்லை, நாலு மாத மழையைக் கரிசலில் ஃபிக்சட் டெபாசிட் போடுகிற ஏற்பாடு. அக்டோபரில் அதை எடுத்துக் கோதுமைக்குச் செலவு செய்வார்கள். 1970-களுக்குப் பிறகு சோயா மொச்சை வந்தது. மழைக்காலத்திலும் ஒரு வருமானம். ஆனால் சோயா அந்த டெபாசிட்டிலிருந்துதான் குடிக்கிறது. இப்போது அக்டோபரில் சோயா அறுத்த கையோடு மானாவாரிக்காரர் வயலில் இறங்கி, ஒரு சாண் தோண்டி, மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கிறார். உருண்டை நின்றால் கோதுமை. உதிர்ந்தால் கொண்டைக்கடலை. அதற்குத் தண்ணீர் இன்னும் குறைவாகப் போதும்.